ஆளில்லாத இடத்தின் பதிவேடுகள்

நகராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய தாள்கள் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, தாமாகவே கழன்று விழும் வரை அங்கேயே இருக்கும். நர்சக்கா அன்றைக்கு அதைப் படித்ததற்கு ஒரே காரணம், அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தில் முத்திரை குத்த வேண்டிய ஆள் தேநீர் குடிக்கப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்ததுதான்.

ஊரின் குப்பையைக் கொட்டப் புதிய இடம் பார்த்திருக்கிறார்களாம். கீழே ஒரு வரைபடம். ஆற்றின் வளைவு, பாலம், பாலத்துக்குக் கிழக்கே கோடு போட்டு நிழலடித்த ஒரு கட்டம். "மேற்படி பகுதியில் நிரந்தரக் குடியிருப்பு ஏதும் இல்லை. ஆட்சேபம் உள்ளோர் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்."

அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். பாலத்துக்குக் கிழக்கே இருப்பது ஆற்றங்கரைக் குடியிருப்பு. போன செவ்வாய்க்கிழமைதான் அங்கே பதினோரு பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு வந்தாள். அதில் ஒன்று அவள் விரலைக் கடித்து வைத்திருந்தது. இன்னும் லேசாக வீங்கித்தான் இருந்தது.

சுகாதாரப் பிரிவில் தடுப்பூசி போடுகிற வேலை அவளுக்கு. ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. பத்தொன்பது வருடமாக ஆற்றங்கரை அவள் பொறுப்பில்தான் இருந்தது. அந்த வேலையை வேறு யாரும் கேட்டு வாங்கவில்லை. மழை பெய்தால் முழங்கால் வரை சேறு, வெயில் அடித்தால் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அங்கே போக ஆரம்பித்த முதல் மாதம் சலித்துக்கொண்டாள். பிறகு எந்த வீட்டில் யார் பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்பது மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் மனசை நம்பாமல் எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். வருடத்துக்கு ஒரு பதிவேடு. பத்தொன்பது வருடத்துக்குப் பத்தொன்பது.

விடுப்பை மறந்துவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் கடிந்து பேசமாட்டார். எவ்வளவு பெரிய சிக்கலையும் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லில் ஆறப்போட்டுவிடுவார். அவரே கோப்பை எடுத்து விரித்துக் காட்டினார். நில அளவை ஆள் நிரப்பிய படிவம் அதில் இருந்தது. வரிசை வரிசையாக ஒரே வாசகம்: பூட்டியிருந்தது, ஆள் இல்லை. பூட்டியிருந்தது, ஆள் இல்லை. ஒன்பது பக்கம்.

நர்சக்கா தேதியைப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் வெள்ளம் வந்த வாரம். குடியிருப்பு முழுவதும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தது. அவளும் அங்கேதான் ஆறு நாள் பேதி மாத்திரை கொடுத்துக்கொண்டு கிடந்தாள். அந்த ஆள் வடியாத தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எட்டிப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

அதைச் சொன்னாள். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கோப்பு நாலு மேசை தாண்டி, நாலு கையெழுத்து வாங்கி, மேலிடத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது என்றார். இனி அதைத் தொடுவது அவ்வளவு சுலபமில்லையாம்.

"ஃபைல்ல என்ன இருக்கோ அதுதாம்மா இருக்கு."

"அப்போ என் ரிஜிஸ்டர்ல இருக்கிறது என்ன சார்?"

"அது ஊசிக் கணக்கு. இது நிலக் கணக்கு."

அன்று மாலையே அவள் ஒரு குறிப்பு எழுதினாள். இருநூற்றுப் பதினாலு வீடுகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட முந்நூற்று எண்பத்தாறு பிள்ளைகள், கணக்கெடுத்த வாரத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற விவரம். தபால் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டும் வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் ஒரு பதிலும் இல்லை. பதினோராம் நாள் மேலாளர் கூப்பிட்டார். மேசையில் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. பழைய ஆவணங்களை அழிப்பதற்கான பட்டியல். ஐந்து வருடத்துக்கு முந்திய தடுப்பூசிப் பதிவேடுகள் பதினாலு, அழிக்கலாம். மீதி ஐந்தும் கணினியில் ஏற்றத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம். பொறுப்பாளர் என்ற இடத்தில் நர்சக்கா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக்கூட மூடி கழற்றி வைத்திருந்தார்கள்.

நர்சக்கா பேனாவைத் தொடவில்லை.

"பத்து வருஷமா இந்த அலமாரியைக் காலி பண்ணிக் குடுங்கன்னு கேட்டேன் சார். எலி கடிக்குதுன்னு மூணு தடவை எழுதியும் குடுத்தேன். அப்பல்லாம் இல்லாத அவசரம் இப்ப என்ன?"

விதிப்படி வருடா வருடம் செய்ய வேண்டியதுதான், தாமதமாகிவிட்டது என்றார் மேலாளர். அவர் பார்வை பேனாவின் மேல் இருந்தது, அவள் முகத்துக்கு வரவில்லை. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நர்சக்கா பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். முப்பது வருடமாக மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டாமலே வண்டி ஓட்டி வந்தவன். அன்றிரவு வீட்டில் சங்கதி முழுவதையும் கேட்டுவிட்டு, இரண்டு வருடம்தானே, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாமே என்றான். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவன் பஸ்ஸில் நான் ஏறமாட்டேன் என்றாள் அவள். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு செருப்பைத் துடைக்க ஆரம்பித்தான். கோபம் வந்தால் அவனுக்கு அதுதான் வேலை. வீட்டில் எல்லார் செருப்பும் பளபளக்கும். நாலு ஜோடி முடிந்த பிறகு தலை நிமிராமலே சொன்னான்:

"கையெழுத்துப் போடாதே. ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே."

மறுநாள் அவள் ஆவண அறைக்குப் போனாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற எழுத்தருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'பூட்டு'. ஒல்லியான, சிரிக்கவே சிரிக்காத பெண். ஆணையரே வந்து கேட்டாலும் ஏட்டில் பதிந்து கையெழுத்து வாங்காமல் ஒரு துண்டுத் தாளைக்கூட வெளியே விடமாட்டாள். நர்சக்காவோடு அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவில் ஒரு முறை நாற்காலிக்காகச் சண்டைகூட வந்திருக்கிறது.

பூட்டு பட்டியலை வாங்கிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். நர்சக்கா எதுவும் கேட்பதற்கு முன்பே அவளாகப் பேச ஆரம்பித்தாள். நட்புக்காக அல்ல, விதியை யாராவது தப்பாகப் புரிந்துகொண்டால் அவளுக்கு உடம்பு எரியும். பதிவேட்டில் பேர் இருக்கிற யாரும் தன் பதிவைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். பார்த்து முடிகிற வரைக்கும் அந்தப் பதிவேட்டை அழிக்கவும் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. நகல் கேட்டால் மேலாளர் கையெழுத்தும் வட்ட முத்திரையும் வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

"இது யாருக்காவது தெரியுமா?" என்று நர்சக்கா கேட்டாள்.

"சுவத்துல ஒட்டியிருக்கு. பீரோவை முன்னாடி தள்ளி வச்சிட்டாங்க."

இரண்டு பேருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். தூசு தும்மலைக் கிளப்பியது. சுவரில் நிஜமாகவே ஒட்டியிருந்தது.

அன்று மாலை நர்சக்கா ஆற்றங்கரைக்குப் போனாள். கையில் மருந்துப் பெட்டி இல்லாமல் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. முடி வெட்டுகிறவர் கடை வாசலில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். காதில் சீப்பைச் செருகிக்கொண்டே தூங்கவும் செய்வார் என்பதால் அவருக்கு 'சீப்பு' என்றே பெயர். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் அவள்தான் ஊசி போட்டிருக்கிறாள். சேதியைக் கேட்டதும் சீப்பு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இங்க ஆளே இல்லன்னா, நான் இத்தனை வருஷமா வெட்டின தலையெல்லாம் யாரோடதாம் நர்சக்கா?"

கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் அவர் முகம் மாறியது. கத்தரியைக் கீழே வைத்தார்.

"நாங்க இருக்கோம்னு நாங்களே போய் நிரூபிக்கணுமா? மூச்சு விட்டுக் காட்டணுமா?"

"நீங்க நிரூபிக்க வேணாம்," என்றாள் நர்சக்கா. "நீங்க இருக்கீங்கன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதை அவங்க கையாலேயே வாங்கணும். அவ்வளவுதான்."

வெள்ளைத் தாளில் எப்படி எழுத வேண்டும் என்று காட்டினாள். என் பிள்ளையின் பதிவைப் பார்க்க வேண்டும், நகல் வேண்டும். இரண்டே வரி. எழுதத் தெரியாதவர்களுக்குச் சீப்பின் மூத்த மகள் எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆவண அறை வாசலில் வரிசை. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், சிமெண்டுத் தூசு படிந்த ஆண்கள், வேலைக்குப் போகிற வழியில் வந்தவர்கள். வரிசை மாடிப்படி இறங்கி, அறிவிப்புப் பலகையைத் தாண்டி, வாசல் வரை நீண்டது. பூட்டு ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, நகல் எடுத்து, எண் போட்டாள். ஒரு மணிக்கு மேலாளர் வந்து இன்றைக்கு இவ்வளவு போதும் என்றார். வாசல் பலகையில் மாலை ஐந்து மணி வரை என்று எழுதியிருக்கிறதே என்றாள் பூட்டு. அவர் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார். ஆறு நாளில் நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள். நாலாம் நாளிலிருந்து அவர் வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

அந்த ஆறு நாளில் ஒன்றை மட்டும் நர்சக்காவால் கடைசி வரை மறக்க முடியவில்லை. துணிக்கடையில் கூட்டிப் பெருக்குகிற ஒரு பெண் வந்தாள். அவளுடைய பிள்ளை உயிரோடு இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தின்போது போய்விட்டது. அந்த வருடத்துப் பதிவேட்டில் பெயர், மூன்று ஊசிக்கான தேதிகள், அதற்குப் பக்கத்தில் நர்சக்காவின் எழுத்தில் ஒரு வரி: பேதி, ஐந்தாம் நாள் இறந்தது. அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. எது அவன் பெயர் என்று கேட்டாள். நர்சக்கா காட்டினாள். அவள் விரலை அதன் மேல் வைத்து, எழுத்து முடிகிற இடம் வரை மெதுவாக இழுத்தாள்.

"வேற எங்கயும் எழுதலக்கா. நீங்கதான் எழுதியிருக்கீங்க," என்றாள். பிறகு, "எனக்கு ரெண்டு நகல் வேணும்," என்றாள். எதற்கு இரண்டு என்று பூட்டு கேட்கவில்லை. விதியில் ஒன்றுதான். அவள் இரண்டு கொடுத்தாள்.

அந்த வருடம் பேதியில் ஒன்பது பிள்ளைகள் போயிருந்தார்கள். நர்சக்கா அதை அறிக்கையாக எழுதினாள்; அதற்குப் பிறகுதான் ஆற்றங்கரைக்கு மூன்று குடிநீர்க் குழாய் போட்டார்கள். அது நினைவுக்கு வந்ததும் பூட்டிடம் சொன்னாள். பூட்டு ஏணியில் ஏறி, ஒன்றரை மணி நேரம் தேடி, குழாய் போட உத்தரவிட்ட கோப்பை இறக்கினாள். முதல் பக்கத்திலேயே இருந்தது: செவிலியின் பதிவேட்டின்படி.

நகல்கள் கைக்கு வந்ததும் ஆற்றங்கரை ஆட்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தார்கள். முப்பதாம் நாள் ஆட்சேபங்களைக் கேட்கக் குழு கூடியது. பெரிய கூடம், நடுவில் நீள மேசை, அதற்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவர் ஒரு பெண்மணி. வெடுக்கென்று பேசுவாள், கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். பின்னால் ஆற்றங்கரை ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரமும் நின்றார்கள். ஊழியர்களுக்குப் பேச அனுமதி இல்லை என்று மேலாளர் முன்னாலேயே நர்சக்காவிடம் சொல்லியிருந்தார். கேட்டால் பதில் சொல்லலாமா என்று அவள் கேட்டபோது அவர் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

சீப்பு எழுந்து நகல்களை மேசையில் வைத்தார். கட்டுக் கட்டாக. பூட்டு ஏட்டில் பதிந்து அனுப்பியிருந்த குழாய்க் கோப்பும் அங்கே இருந்தது. தலைவர் மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தாள்.

"நீலக் கதவு வீடு. சைக்கிள் கடைக்குப் பின்னாடி மூணாவது. இதெல்லாம் ஒரு முகவரியா? இதை யார் எழுதினது?"

நர்சக்கா எழுந்தாள்.

"நான்தான் மேடம். நகராட்சி அந்த வீடுகளுக்கு எண் குடுக்கல. அதனால நான் நிறத்தை எழுதினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஊசிப் பதிவேட்டை வைத்து நிலத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது என்றாள். அது குழந்தைகளின் கணக்கு, குடியிருப்பின் கணக்கு அல்ல.

"இந்தப் பதிவேட்டை வச்சுத்தான் மேடம் மூணு குழாய் போட்டீங்க. ஃபைல் உங்க முன்னாடி இருக்கு. இந்தப் பதிவேட்டை வச்சுத்தான் வருஷா வருஷம் முந்நூத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு மருந்து அனுப்புறீங்க. போன மாசமும் அனுப்பினீங்க. இல்லாத பிள்ளைகளுக்கா?"

தலைவர் நகல்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கையெழுத்து, ஒரே வட்ட முத்திரை. மேலாளரைப் பார்த்து, இது உங்களுடையதா என்று கேட்டாள்.

மேலாளர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பார்க்கலாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நர்சக்கா நினைத்தாள்.

"கையெழுத்து என்னோடது," என்றார். மணிக்கட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டு, "பதிவும் சரியானதுதான்," என்றார். உட்காரும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

நில அளவை ஆளையும் கூப்பிட்டிருந்தார்கள். வாலிபன்தான். தண்ணீர் இடுப்பளவு நின்றது, நான் பார்த்தபோது ஆள் இல்லை, அதைத்தான் எழுதினேன் என்றான். தண்ணீர் நின்றதை ஏன் எழுதவில்லை என்று தலைவர் கேட்டாள். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றான். பொய்யாகத் தோன்றவில்லை.

ஐந்து பேரும் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தார்கள். மறு கணக்கெடுப்பு நடத்திவிட்டுப் பார்ப்போம் என்று தலைவர் அறிவித்துவிட்டுக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். சீப்பு உட்காரவில்லை.

"அதை இப்பவே எழுதுங்க மேடம். எழுதி வாசிங்க. கேட்டுட்டுப் போறோம்."

நடவடிக்கைக் குறிப்பு மூன்று நாளில் வரும் என்றாள் அவள். வாயால் சொன்னது எதுவும் இந்த ஆபீஸில் நிற்பதில்லை என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது, எழுதினதுதான் நிற்கிறது, அதனால் எழுதுங்கள் என்றார் சீப்பு. குரலை உயர்த்தவே இல்லை. அவருக்குப் பின்னால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. துணிக்கடைப் பெண் மடியில் இரண்டு தாளையும் விரித்து வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. கடைசியில் தலைவர் கடிகாரத்தைத் திரும்ப மேசையில் வைத்தாள். குழுவின் எழுத்தர் எழுதினார், சத்தமாக வாசித்தார். "மக்கள் வசிக்கிறார்களா என்பதை அறிய" என்று இருந்ததை, "வசிக்கும் மக்களை எண்ண" என்று மாற்றச் சொன்னார்கள் ஆற்றங்கரை ஆட்கள். மாற்றி, மறுபடி வாசித்தார். பிறகுதான் கூடம் காலியானது.

மறு கணக்கெடுப்பில் இருநூற்று முப்பத்தோரு வீடுகள் வந்தன. நர்சக்காவின் கணக்கைவிடப் பதினேழு அதிகம். பிள்ளை இல்லாத வீடுகளை அவள் எண்ணவில்லை. குப்பைக்கு ஆற்றங்கரை இல்லை என்று முடிவாயிற்று. வேறு எங்கே என்பது இன்றைக்கும் முடிவாகவில்லை. அதைப் பற்றி ஊரில் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நர்சக்காவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அலுவலக விவரங்களைச் சில வெளி நபர்களுக்குத் தெரிவித்த குற்றத்துக்காகக் கண்டனமும், மருந்துக் கிடங்குக்கு இடமாற்றமும். ஓய்வு பெறும் வரை அட்டைப் பெட்டிகளோடு இருக்க வேண்டியதுதான். புருஷன் அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லாச் செருப்பையும் துடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் செருப்பையும் கேட்டு வாங்கினான்.

அவள் ஒரு வரியில் பதில் எழுதினாள்: பதிவேட்டை, அதில் பெயர் உள்ளவர்களுக்குக் காட்டினேன். அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய், குறிப்பாணையையும் இந்தப் பதிலையும் தன் பணிப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னாள்.

மேலாளர் வியப்போடு பார்த்தார். "எல்லாரும் ஏத்தாதீங்க சார்னு கெஞ்சுவாங்க. நீங்க என்னம்மா?"

"ஏத்துங்க சார். ரெண்டையும்."

அவர் புத்தகத்தை எடுத்து, வலிக்கிற கையால் மெதுவாக எழுதினார். எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினார். நர்சக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"சில வெளி நபர்கள்னு போட்டிருக்கீங்க. சில பேர் இல்ல, வெளி ஆளும் இல்ல. நூத்து நாப்பத்து மூணு பேர், ஆற்றங்கரைக் குடியிருப்புல வசிக்கிறவங்க. அப்படியே எழுதுங்க."

குறிப்பாணையில் இருப்பதைத் தன்னால் மாற்ற முடியாது என்றார் அவர். அப்படியானால் பக்கத்தில் என் கையால் எழுதுகிறேன், கீழே நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள் அவள். மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். நர்சக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவசரப்படாமல் எழுத ஆரம்பித்தாள்.